பத்தாவதில் கணக்கு 71. பதினொன்றில் எந்தக் கணக்கு எடுப்பது?

வாசுகி_தேனி:

வணக்கம். மகள் இந்த வருடம் ஸ்டேட் போர்டில் பத்தாவது முடித்திருக்கிறாள். மற்ற பாடமெல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது, கணக்கு மட்டும் 71. டாக்டர் ஆசையெல்லாம் இல்லை, கம்ப்யூட்டர் பிடிக்கும், செய்தியில் பட்ஜெட், விலைவாசி என்று வந்தால் உட்கார்ந்து கேட்பாள். இதுவரை படித்த பள்ளியில் 80-க்குக் கீழே என்றால் கணக்கு உள்ள குரூப் தர மாட்டோம், காமர்ஸில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். காமர்ஸிலேயே பிசினஸ் மேத்ஸ் என்று ஒன்று இருக்கிறதாமே, அது சும்மா பேருக்குத்தான், அதற்கு மதிப்பில்லை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டில் எங்கள் இரண்டு பேருக்குமே இதில் விவரம் போதாது. +1-ல் எத்தனை விதமான கணக்கு இருக்கிறது, எதை எடுத்தால் எந்த வழி திறக்கும், எது அடைபடும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அட்மிஷனுக்கு அதிக நாள் இல்லை.

கோவை_ரமேஷ்:

கம்ப்யூட்டர் பிடிக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம் மேடம், கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குக் கட் ஆஃப் 200, அதில் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. காமர்ஸ் எடுத்துவிட்டால் பி.இ. பக்கமே போக முடியாது. 71 ஒன்றும் மோசமில்லை, வேறு பள்ளி பாருங்கள்.

திண்டுக்கல்_கணக்கு_வாத்தியார்:

வாசுகி அம்மா, நான் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த 71. பத்தாவது கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14. செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. மீதி 70 இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் கேள்விகளில் வருகிறது. அதனால் 71 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. 29 மதிப்பெண் எங்கே போனது என்று அவளிடம் கேளுங்கள். வரைபடத்தில் நேரம் போதவில்லை, தேற்றத்தை மறந்துவிட்டேன் என்றால் +1-க்கு அது பெரிய தடை கிடையாது. காரணிப்படுத்துவதிலும் பின்னங்களைக் கூட்டிக் கழிப்பதிலும் தடுமாறுகிறாள் என்றால் அதைக் கோடை விடுமுறையிலேயே சரிசெய்ய வேண்டும், +1-ல் யாரும் நின்று சொல்லித்தர மாட்டார்கள். 95 வாங்கிவிட்டு +1 முதல் இடைத்தேர்வில் 30 வாங்கும் பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன், புத்தகத்தை அப்படியே மனப்பாடம் செய்து வந்தவர்கள் அவர்கள்.

அடுத்து, எத்தனை கணக்கு. ஸ்டேட் போர்டில் மேல்நிலையில் இரண்டு. ஒன்று கணிதம். பயோ மேத்ஸ், கம்ப்யூட்டர் மேத்ஸ் இரண்டு குரூப்பிலும் வருவது இதுதான். +1-ல் கணங்கள், சார்புகளில் ஆரம்பித்து முக்கோணவியல், ஈருறுப்புத் தேற்றம், வெக்டர், எல்லை, வகையிடல், தொகையிடல், நிகழ்தகவு வரை. +2-ல் கலப்பு எண்கள், கூம்பு வளைவுகள், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவுப் பரவல் என்று போய்த் தனிநிலைக் கணிதத்தில் முடிகிறது. இன்னொன்று வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல், காமர்ஸ் பிள்ளைகளுக்கு. பியூர் சயின்ஸ் எடுத்தால் கணக்குப் பாடம் கிடையாது, ஆனால் +1 இயற்பியலிலேயே வகையிடல், தொகையிடல் வந்துவிடும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

பிசினஸ் மேத்ஸ் பேருக்குத்தான் என்று சொல்பவர்கள் அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். +2 வணிகக் கணிதத்தில் அணிகள், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் இருக்கிறது. அதற்கு மேல் கூறெடுப்பு, குறியீட்டெண், காலத்தொடர், செயல்முறை ஆராய்ச்சி. இவற்றைக் கணிதம் எடுக்கும் முதல் குரூப் பிள்ளைகள் பள்ளியில் தொடுவதே இல்லை. உங்கள் மகள் விலைவாசிச் செய்தி கேட்கிறாள் என்றீர்களே, அந்த விலைவாசிக் குறியீட்டெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது அந்தப் புத்தகத்தில் ஒரு பாடம்.

அந்தச் செயல்முறை ஆராய்ச்சிப் பாடத்திலிருந்து ஒரு கணக்கு சொல்கிறேன். இரண்டு அரிசிக் கிடங்குகள், முதலாவதில் 30 மூட்டை, இரண்டாவதில் 40. இரண்டு கடைகள், ஒரு கடைக்கு 20 வேண்டும், மற்றதற்கு 50. முதல் கிடங்கிலிருந்து முதல் கடைக்கு மூட்டைக்கு 4 ரூபாய் கூலி, இரண்டாம் கடைக்கு 2 ரூபாய். இரண்டாம் கிடங்கிலிருந்து முதல் கடைக்கு 3, இரண்டாம் கடைக்கு 5. அட்டவணையின் இடது மேல் மூலையில் தொடங்கி வரிசையாக நிரப்புவது வடமேற்கு மூலை முறை: 20 மூட்டை 4 ரூபாயில், 10 மூட்டை 2 ரூபாயில், 40 மூட்டை 5 ரூபாயில், மொத்தம் 300. குறைந்த கூலி எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் நிரப்பினால், 30 மூட்டை 2 ரூபாயில், 20 மூட்டை 3 ரூபாயில், 20 மூட்டை 5 ரூபாயில், மொத்தம் 220. அதே அரிசி, அதே கடை, 80 ரூபாய் மிச்சம். வோகல் முறை என்று இன்னொன்றும் இருக்கிறது. கிடங்கும் கடையும் நூற்றுக்கணக்கில் போனால் சரக்கு அனுப்பும் நிறுவனங்கள் கம்ப்யூட்டரில் போடும் கணக்கின் அடிப்படை இதுதான். இதைப் பேருக்கு என்று சொன்னால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆனால் ரமேஷ் சார் சொன்னது சரி. பி.இ. பொதுக் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும், வணிகக் கணிதத்தை வைத்து அங்கே போக முடியாது.

சிஏ_படிக்கிறேன்:

வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆடிட்டர் படிப்பான சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வு ஃபவுண்டேஷன், அதில் மூன்றாவது தாள் முழுக்கக் கணக்குதான்: வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல், 100 மதிப்பெண், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், தப்பாகப் போட்டால் மதிப்பெண் குறையும். +2-வில் காமர்ஸோடு கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் படித்து வந்த என் நண்பர்கள் அதிகம் தடுக்கி விழுந்தது இந்தத் தாளில்தான். அக்கவுண்ட்ஸில் கெட்டிக்காரர்கள், ஆனால் பத்தாவதோடு கணக்கை விட்டவர்கள். அதனால் அக்கா, காமர்ஸ்தான் என்று முடிவானால் பிசினஸ் மேத்ஸ் இருக்கும் பள்ளியாகத் தேடிப் பிடியுங்கள். எல்லாப் பள்ளியிலும் இருக்காது, அலைய வேண்டிவரும், அலைச்சலுக்குத் தகுந்த பலன் இருக்கும்.

அம்பத்தூர்_அப்பா:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். என் பையன் சி.பி.எஸ்.இ. ஒன்பதாவது முடித்திருக்கிறான். பத்தாவதில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு சொல்கிறார்கள். பேசிக் எடுத்தால் மார்க் ஏறும், எடுத்துக்கொள் என்று டியூஷனில் சொல்கிறார்களாம். எடுக்கலாமா?

மேத்ஸ்_டீச்சர்_சென்னை:

அம்பத்தூர் அப்பாவுக்கு: நான் சி.பி.எஸ்.இ. பள்ளியில் இருக்கிறேன். 2020 தேர்விலிருந்து இந்த இரண்டு தாள் முறை இருக்கிறது. பாடத்திட்டம் ஒன்றுதான், புத்தகம் ஒன்றுதான், வகுப்பில் நடத்துவதும் ஒன்றுதான். பொதுத்தேர்வுக் கேள்வித்தாள் மட்டும் பேசிக்கில் எளிதாக இருக்கும். பேசிக் என்பது பத்தாவதோடு கணக்கை விடப்போகும் பிள்ளைகளுக்காக வந்தது. பேசிக் எழுதியவர்கள் +1-ல் அப்ளைடு மேத்ஸ் எடுக்கலாம், சாதாரண கணிதம் எடுக்க முடியாது என்பதுதான் மூல விதி. கொரோனா வந்த பிறகு அதைத் தளர்த்தி, பள்ளி முதல்வர் அந்தப் பிள்ளையால் முடியும் என்று கருதினால் கொடுக்கலாம் என்று சுற்றறிக்கை விட்டார்கள். ஆனால் தளர்வை நம்பிப் பிள்ளையின் வழியைத் தீர்மானிக்காதீர்கள், பதிவு செய்யும்போது எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று பள்ளியில் எழுத்தில் கேளுங்கள். கணக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவனுக்கே இன்னும் தெரியவில்லை என்றால் ஸ்டாண்டர்டு எழுதட்டும்.

அப்ளைடு மேத்ஸ் 2020-21-ல் +1-க்கு வந்தது. பண மதிப்பு, கடன் தவணை, குறியீட்டெண், நிகழ்தகவு, நேரியல் திட்டமிடல் இப்படிப் போகும். காமர்ஸ், பொருளாதாரம், மேலாண்மைக்குப் போகும் பிள்ளைக்கு அருமையான பாடம். சாதாரண கணிதத்தையும் இதையும் சேர்த்து எடுக்க முடியாது, ஏதாவது ஒன்றுதான்.

பதினொன்னு_ஏ_செக்‌ஷன்:

நான் இப்போது +1 கம்ப்யூட்டர் மேத்ஸ் படிக்கிறேன். எங்கள் பள்ளியில் +1 கணக்குப் புத்தகத்தில் சில பாடங்களை மட்டும் வேகமாக எடுத்துவிட்டு, காலாண்டு முடிந்ததும் +2 புத்தகத்துக்குப் போய்விட்டார்கள். பப்ளிக் இல்லையே, இதெல்லாம் எதற்கு, +2-ஐ இரண்டு வருடம் படித்தால் சென்டம் வாங்கலாம் என்கிறார்கள். இப்போது தொகையிடல் நடக்கிறது, சார் கரும்பலகையில் எழுதும் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் மனப்பாடம் செய் என்கிறார்கள். ஆன்ட்டி, உங்கள் மகளைச் சேர்ப்பதற்கு முன்னால் இதை விசாரியுங்கள்.

திண்டுக்கல்_கணக்கு_வாத்தியார்:

தம்பி, நீ சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். எந்தக் குரூப் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: அந்தப் பள்ளியில் +1 பாடத்தை முழுதாக நடத்துகிறார்களா?

எதனால் இப்படி நடக்கிறது என்றால், கட் ஆஃபில் +2 மதிப்பெண் மட்டும்தான் சேரும். +1-ல் என்ன வாங்கினாலும் கலந்தாய்வில் யாரும் பார்ப்பதில்லை. இதைத் தடுக்கத்தான் +1-க்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பள்ளியும் +1 புத்தகத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது அந்தப் பொதுத்தேர்வை நீக்கிவிட்டார்கள், 2025-26 முதல் பள்ளி அளவிலான தேர்வுதான். சில பள்ளிகள் உடனே பழைய பழக்கத்துக்குப் போய்விட்டன.

இதனால் பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை, அதனால் ஒரு உதாரணம். +2 இரண்டாம் தொகுதியில் நீள்வட்டத்தின் பரப்பைத் தொகையிடல் மூலம் கண்டுபிடி என்று கணக்கு வரும். ஐந்து மதிப்பெண்ணுக்கு உகந்தது. சமன்பாட்டை மாற்றி எழுதினால் வர்க்கமூலத்துக்குள் ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழிக்கும் கோவை வந்து நிற்கும். அதைத் தொகையிடும் வழி +1 இரண்டாம் தொகுதியில், தொகை நுண்கணிதப் பாடத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அந்த வழிக்கு முக்கோணவியல் பிரதியிடல் வேண்டும், அதற்கு இரட்டைக் கோணச் சூத்திரம் வேண்டும், அது +1 முதல் தொகுதியில் மூன்றாவது பாடம். இத்தனையும் தாண்டி வந்த பிள்ளை அந்தக் கணக்கை மறந்துபோனாலும் தேர்வு அறையிலேயே உட்கார்ந்து வருவித்துவிடும். +1 நடத்தப்படாத பிள்ளைக்கு அது ஒரு பக்க மனப்பாடம். ஈருறுப்புப் பரவலும் அப்படித்தான், +1 சேர்மானம் தெரியாமல் அதில் ஒரு வரிகூட நகராது.

+2 பொதுத்தேர்வில் மனப்பாடத்தை வைத்துச் சமாளித்துவிடலாம், மறுக்கவில்லை. 90 மதிப்பெண் தாளில் 20 ஒரு மதிப்பெண், ஏழு ஐந்து மதிப்பெண், அவற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். ஆனால் ஜேஇஇ மெயினில் வரும் 25 கணக்குக் கேள்விகளில் +1, +2 என்ற பாகுபாடே கிடையாது. பி.இ. சேர்ந்தால் முதல் செமஸ்டர் கணக்குத் தாள் +1 தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். 190 கட் ஆஃபோடு போன பிள்ளைகள் முதல் செமஸ்டரில் அரியர் வைத்துக்கொண்டு எனக்கு போன் செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் மக்கு இல்லை, ஒரு வருடப் பாடத்தை நாம் அவர்களுக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டோம்.

மதுரை_செல்வி:

சார், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் +1 பொதுத்தேர்வு எடுத்தது நல்லது என்றுதான் நினைக்கிறேன். என் மூத்த பெண் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடமும் பப்ளிக் எழுதினாள். அந்த மூன்று வருடம் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்கவில்லை, அவளுக்கு இரவில் தூக்கம் போய்விட்டது. சின்னவளுக்காவது நடுவில் ஒரு வருடம் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. பள்ளிக்கூடம் பாடம் நடத்தவில்லை என்றால் பள்ளியைத்தான் கேட்க வேண்டும், அதற்காகப் பிள்ளைக்குப் பரீட்சை வைக்கக் கூடாது.

திண்டுக்கல்_கணக்கு_வாத்தியார்:

செல்வி அம்மா, பிள்ளையின் தூக்கத்தைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை, நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். பொதுத்தேர்வு திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பரீட்சை பயம் இல்லாத அந்த ஒரு வருடத்தில்தான் வகையிடலை நிதானமாக, படம் போட்டு, ஏன் எதற்கு என்று கேட்டு நடத்த முடியும். கிடைத்த அந்த வருடத்தையும் +2 ரிவிஷனுக்குத் தின்னக் கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் இதை நீங்கள் எழுந்து கேட்டால் பள்ளி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நாங்கள் ஆசிரியர்கள் கேட்டால் சென்டம் எத்தனை என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

மதுரை_செல்வி:

சரி சார், இதை அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன்.

கரூர்_முருகன்:

தொழிற்கல்வி குரூப் பற்றி யாரும் சொல்லவில்லையே. +2-வில் அது படித்தாலும் பி.இ. கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரவும் வழி இருக்கிறது. பத்தாவது முடித்தே பாலிடெக்னிக் போய், டிப்ளமா முடித்து பி.இ. இரண்டாம் வருடம் சேருகிறவர்களும் நிறையப் பேர். அந்த வழியிலும் கணக்கு வரும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருப்பதையும் மறக்க வேண்டாம்.

கணக்கு_பைத்தியம்:

கணக்கை மிகவும் விரும்பும் பிள்ளைகளுக்காகச் சில வழிகள், பள்ளியில் இவற்றைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

சென்னை சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம், சி.எம்.ஐ. என்பார்கள். +2 முடித்து பி.எஸ்சி. கணிதமும் கணினி அறிவியலும் அங்கே படிக்கலாம், நுழைவுத் தேர்வு உண்டு, கட் ஆஃப் கிடையாது. பழைய கேள்வித்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன. +1 படிக்கும்போதே எடுத்து ஒரு கேள்வியோடு ஒரு வாரம் போராடிப் பாருங்கள், கணக்கு என்றால் என்ன என்பதே வேறாகத் தெரியும். கொல்கத்தாவில் தலைமையகம் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கும் இதே மாதிரி நுழைவுத் தேர்வு.

கணித ஒலிம்பியாட் போட்டிக்கு முதல் படி ஐ.ஓ.க்யூ.எம். என்ற தகுதித் தேர்வு. மூன்று மணி நேரம், 30 கேள்விகள். அதைத் தாண்டினால் வட்டார அளவில் ஆர்.எம்.ஓ., பிறகு தேசிய அளவில் ஐ.என்.எம்.ஓ. இதற்கு நுண்கணிதம் தேவையில்லை, எண்ணியலும் வடிவியலும் எண்ணும் முறைகளும்தான், ஒன்பதாவது பிள்ளைகூட உட்காரலாம்.

ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ வேண்டாம். பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும், +2-வில் எந்தக் குரூப்பாக இருந்தாலும் சரி, காமர்ஸ் பிள்ளையும் போகலாம். தகுதிச் சுற்றில் நான்கு வாரம் பாடம் நடத்திவிட்டுத்தான் தேர்வு வைக்கிறார்கள். அடித்தள நிலையில் கணிதம் இரண்டு தாள், புள்ளியியல் இரண்டு தாள் இருக்கிறது. வாசுகி அக்கா, உங்கள் மகளுக்கு கம்ப்யூட்டரும் பொருளாதாரமும் இரண்டும் பிடிக்கும் என்றதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன். பிசினஸ் மேத்ஸ் எடுத்தால் கம்ப்யூட்டர் பக்கம் மொத்தமாக அடைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பி.சி.ஏ.வும் இருக்கிறது, அதற்கான தகுதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசுகி_தேனி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் சார் சொன்னபடி 29 மதிப்பெண் எங்கே போனது என்று மகளிடம் கேட்டேன். வரைபடக் கேள்வியைக் கடைசியில் வைத்து நேரம் இல்லாமல் விட்டிருக்கிறாள், வடிவியலில் பாதி. மீதி அங்கங்கே. இயற்கணிதம் பரவாயில்லை என்கிறாள்.

இன்று இரண்டு பள்ளிக்குப் போனோம். முதல் பள்ளியில் +1 பாடம் முழுதாக நடத்துவீர்களா என்று கேட்டதற்கு, ரிசல்ட் பாருங்கள் என்று நோட்டீஸைக் கையில் கொடுத்தார்கள், பதில் வரவில்லை. இரண்டாவது அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அங்கே கணக்கு டீச்சர் போன வருட +1 பிள்ளைகளின் டெஸ்ட் நோட்டை எடுத்து வந்து காட்டினார், இரண்டு தொகுதியிலும் எல்லாப் பாடத்துக்கும் டெஸ்ட் வைத்திருந்தார், சிவப்பு மையில் திருத்தமும் இருந்தது. கம்ப்யூட்டர் மேத்ஸ் இடம் இருக்கிறது, காமர்ஸில் பிசினஸ் மேத்ஸும் இருக்கிறது, எது வேண்டுமோ முடிவு செய்து வாருங்கள் என்றார். மகள் கம்ப்யூட்டர் மேத்ஸ் என்கிறாள், அவள் அப்பா சரி என்றுவிட்டார். நாளை டி.சி. வாங்கப் போகிறோம். சார், பள்ளி திறப்பதற்குள் அவள் என்ன பார்த்து வைக்கலாம்?

திண்டுக்கல்_கணக்கு_வாத்தியார்:

அந்த டீச்சரிடம் படிக்கப்போகிறாள் என்றால் எனக்குக் கவலை இல்லை அம்மா. +1 புத்தகத்தை இப்போது திறக்க வேண்டாம். பத்தாவது புத்தகத்தில் இயற்கணிதம் பாடத்தையும் முக்கோணவியல் பாடத்தையும் எடுத்து, விடை பார்க்காமல் தினம் கொஞ்சம் போடட்டும். காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு, முற்றொருமை நிரூபணம், இந்த மூன்றும் கை பழகிவிட்டால் போதும். முற்றொருமையில் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு ஒவ்வொரு வரியும் ஏன் மாறியது என்று பக்கத்திலேயே எழுதி வரச் சொல்லுங்கள், அது +1-ல் ரொம்பக் கைகொடுக்கும். எங்காவது நின்றால் அந்தக் கணக்கை இங்கே போடட்டும், பார்த்துச் சொல்கிறேன்.

பதினொன்னு_ஏ_செக்‌ஷன்:

சார், நானும் போடலாமா? இரட்டைக் கோணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திண்டுக்கல்_கணக்கு_வாத்தியார்:

தாராளமாகப் போடு தம்பி. +1 முதல் தொகுதி, மூன்றாவது பாடம். கூட்டல் சூத்திரத்தில் இரண்டு கோணத்தையும் சமமாக வைத்துப் பார், என்ன வருகிறது என்று எழுது.